வெட்டிய பதினோரு நிமிடம்

அந்தப் பள்ளியைக் கண்டுபிடித்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அதற்குப் பிறகு நடந்த எல்லாவற்றிலும் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது இந்த ஒரு வாக்கியம்தான்.

அக்ராவில், கனேஷி சந்தைக்குப் பின்னால், ஒரு டயர் கடையின் மாடியில் இருக்கிறது எங்கள் ஸ்டுடியோ. கல்யாண வீடியோவும் எடுப்போம், பெயர் சூட்டுகிற வீடியோவும் எடுப்போம். ஆனால் எங்களுக்குச் சோறு போடுவது சாவுதான். சனிக்கிழமை வந்தால் அக்ராவின் ஏதாவது ஒரு தெருவில் பந்தல் போட்டு, கறுப்பும் சிவப்புமாக உடுத்திக்கொண்டு, யாரையாவது வழியனுப்பிக்கொண்டிருப்பார்கள். நானும் கோர்லேயும் கேமராவோடு நிற்போம். என் பெயர் செஃபாகோர். கேட்டா என்கிற வேறு ஊரிலிருந்து வந்தவள். கோர்லே இந்த ஊர்க்காரி, ஜேம்ஸ்டவுனில் பிறந்து கடல் காற்றைக் குடித்து வளர்ந்தவள். ஐந்து வருடமாக எங்களுக்கு ஒரே மேஜை, பக்கத்துப் பக்கத்து நாற்காலி.

எட்டு மணி என்றால் நான் ஏழே முக்காலுக்கு வந்துவிடுவேன். அவள் ஒன்பதரைக்கு வருவாள். எங்கள் முதலாளி அட்டோ குவான்சா முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு காத்திருப்பார். அவள் உள்ளே நுழைந்து, "பாஸ், உங்களுக்காகத்தான் லேட். மீன் பொரிச்சு முடியற வரைக்கும் அந்த அம்மா கடையிலேயே நின்னேன்" என்று ஒரு பொட்டலத்தை நீட்டுவாள். முடிந்தது. கடுமையெல்லாம் எண்ணெயோடு போய்விடும். வாடிக்கையாளர்களும் அப்படித்தான். "அந்தச் சிரிக்கிற பொண்ணை அனுப்புங்க" என்பார்கள். பிறகு ஞாபகம் வந்து, "இன்னொரு பொண்ணும் வரட்டும்" என்பார்கள். எடிட்டிங் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது அந்த இன்னொரு பொண்ணுதான்.

பள்ளி இருந்தது ஜோஹானஸ்பர்கில். திரைப்படத்தில் முதுநிலைப் படிப்பு, இரண்டு வருடம். வருடத்துக்கு எட்டுப் பேரை மட்டும் எடுத்து, முழு உதவித்தொகையும் தருகிறார்கள். ஆகஸ்டில் ஒரு நாள் இணையத்தில் அது என் கண்ணில் பட்டது. மதியம் கென்கே சாப்பிடும்போது கோர்லேயிடம் சொன்னேன்.

"நானும் போடறேன், நீயும் விண்ணப்பம் போடேன்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். அவள் இல்லாமல் ஒரு ஊருக்குப் போவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை என்பது ஒரு காரணம். அவளுக்குக் கிடைக்காது என்று நான் நிச்சயமாக நம்பியது இன்னொரு காரணம்.

பத்து நிமிடப் படம் ஒன்று அனுப்ப வேண்டும். ஏன் படிக்க வருகிறீர்கள் என்று ஒரு கடிதம். எடுக்க விரும்பும் படத்தின் கதை, இரண்டு பக்கத்தில். நான் முந்நூறு வருடத்துக்கு முன் ஒரு கோட்டையை எதிர்த்து நின்ற ராணியைப் பற்றி எழுதினேன். கப்பல்கள், பீரங்கி, குதிரைப்படை. இரண்டு மாதம் உழைத்தேன்.

கோர்லே படித்துவிட்டு, "பன்னெண்டு குதிரையா? ஊர் முழுக்கத் தேடினாலும் அத்தனை தேறாதேடி. நான் வேணும்னா ரெண்டு காலைத் தூக்கிட்டு ஓடறேன்" என்றாள். அவள் சிரித்ததில் எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் மனதில் தைத்தது.

அவளிடம் கதையே இல்லை. அக்டோபரில் ஒரு நாள், ட்ரோட்ரோ வேனில் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது கேட்டாள்: "செஃபா, உங்க அப்பா சாவு வீடியோ இருக்கே, அதை வெச்சு எழுதட்டுமா?"

"எடுத்துக்கோ. அந்தக் குப்பை யாருக்கு வேணும்?" என்றேன். வண்டி நின்றது. நான் இறங்கிவிட்டேன்.

அந்தக் குப்பையைப் பற்றிச் சொல்கிறேன். என் அப்பா அக்ராவுக்கும், எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிற லோமேக்கும் நடுவே பஸ் ஓட்டினார். வாரத்தில் மூன்று நாள் லோமேயில் தங்கிவிடுவார். கேட்டால் வண்டி பழுது என்பார். நான்கு வருடத்துக்கு முன் அவர் இறந்தபோதுதான், அந்த வண்டிக்கு அஃபி என்று ஒரு பெயரும், அப்லாவி என்று இருபது வயதில் ஒரு மகளும் இருந்தது எங்களுக்குத் தெரிந்தது. இரண்டு பேரும் அடக்கத்துக்கு வந்தார்கள். நாங்கள் குடும்பத்துக்கென்று தேர்ந்தெடுத்த அதே துணியை எங்கிருந்தோ வாங்கித் தைத்து, உடுத்திக்கொண்டு வந்து, இரண்டாம் வரிசையில் உட்கார்ந்தார்கள். யாரும் எழுப்பவில்லை. சவப்பெட்டியை எடுக்கும்போது அந்தப் பெண் அழுத அழுகையில் பந்தலே திரும்பிப் பார்த்தது.

வீடியோ எடுத்தது எங்கள் ஸ்டுடியோதான். அன்று கேமரா பிடித்தவள் கோர்லே. அடுத்த வாரம் அம்மா என்னிடம் சொன்னாள்: "என் வீட்டு வீடியோல அவ மூஞ்சியும் இருக்கக் கூடாது, அவ பொண்ணு மூஞ்சியும் இருக்கக் கூடாது." நான் வெட்டினேன். மொத்தம் பதினோரு நிமிடம். வெட்டியதை அழித்தும் விட்டேன். பக்கத்து நாற்காலியில் கோர்லே ஆரஞ்சு உரித்துத் தின்றுகொண்டு பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நவம்பரில் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. அதன்பிறகு காத்திருப்பு. பாலைவனப் புழுதி இறங்கி, உதடெல்லாம் வெடித்து, லேப்டாப் மேலே தினமும் ஒரு படலம் படிந்தது. அதைத் துடைத்துவிட்டு நான் செய்யும் முதல் வேலை மெயில் பார்ப்பதுதான். கோர்லே பார்ப்பதே இல்லை. "வந்தா நீ சொல்லப்போறே" என்பாள். நான் எங்கே தங்குவது, அங்கே குளிருக்கு என்ன உடுத்துவது என்பது வரை எழுதி வைத்திருந்தேன்.

பிப்ரவரி நடுவில், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், எனக்கு வந்தது. நான்கு வரி. இந்த வருடம் விண்ணப்பங்கள் மிக அதிகம், வருந்துகிறோம், வாழ்த்துகள். திரையைப் பார்த்தபடி எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ. கோர்லே வந்தாள், என் முகத்தைப் பார்த்தாள், எட்டிப் படித்தாள்.

"இவனுங்களுக்குக் கண்ணே தெரியாது. என்னுதையும் பாரு, ரெண்டு பேரும் சேர்ந்து திட்டலாம்" என்று போனை என்னிடம் நீட்டினாள்.

அவளுக்கு நேர்முகத் தேர்வு. ஒன்பது நாள் கழித்து, வீடியோவில்.

"தப்பா அனுப்பியிருப்பாங்கடி" என்றாள் மெதுவாக. அவள் துள்ளிக் குதித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். எனக்காக அவள் சந்தோஷத்தை அடக்கிக்கொண்டு நின்றதைத்தான் தாங்க முடியவில்லை.

"தப்பெல்லாம் இல்ல. உனக்குத்தான்" என்று சிரித்தேன். கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். பள்ளியைக் கண்டுபிடித்தது நான். கேமராவில் வெளிச்சம் பார்க்கச் சொல்லிக்கொடுத்தது நான். அவள் கடிதத்தில் எழுத்துப்பிழை திருத்தியது நான்.

இரண்டு நாள் கழித்து, பாஸ் வெளியே போயிருந்த நேரம், கோர்லே தன் இரண்டு பக்கத்தை என் முன்னால் வைத்தாள்.

"முன்னாடியே காட்டியிருக்கணும். பயமா இருந்துச்சு. படிச்சிட்டு, தேர்வுக்காரங்க மாதிரி என்னைக் கேள்வி கேளு. நல்லா குடை."

படித்தேன். சாவு வீடியோ எடிட் செய்கிற ஒரு பெண். தன் அப்பாவின் வீடியோவே அவள் மேஜைக்கு வருகிறது. இரண்டாம் வரிசையில் இருப்பவர்களை வெட்டச் சொல்கிறாள் அம்மா. இதுவரை எனக்குத் தெரிந்ததுதான். கடைசிப் பத்தி இப்படி இருந்தது: "அம்மா சொன்னதற்காக வெட்டுகிறேன் என்று அவள் நினைத்துக்கொள்கிறாள். அவளால் பார்க்க முடியாதது அந்த இன்னொரு மகளின் அழுகைதான். தன்னைவிட நன்றாக அழுகிறாள் ஒருத்தி. அப்படியென்றால் தன்னைவிட அதிகமாகக் கொஞ்சப்பட்டிருக்கிறாள்."

என் சட்டையை யாரோ சந்தையில் வைத்துக் கழற்றியதுபோல் இருந்தது. நான் யாரிடமும் சொன்னதில்லை. எனக்கே சொல்லிக்கொண்டதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு தின்றுகொண்டே இவள் அதைப் பார்த்திருக்கிறாள். அதைவிடக் கொடுமை, அது நன்றாக இருந்தது. என் ராணியும் பீரங்கியும் குதிரையும் சேர்ந்தாலும் அந்த நாலு வரிக்கு ஈடாகாது. என் வீட்டுக் கதை. நான் அதன் மேலே உட்கார்ந்துகொண்டு வேறெங்கோ கதை தேடியிருக்கிறேன்.

"எப்படி இருக்கு?" என்றாள் கோர்லே.

"நல்லாருக்கு" என்றேன். பிறகு ஒரு மணிநேரம் அவளைக் கேள்வி கேட்டேன். எந்தக் கேள்வியில் அவள் தடுமாறுகிறாள் என்று நன்றாகக் கவனித்துக்கொண்டேன்.

மறுநாள் காலை, யாரும் வருவதற்கு முன், பள்ளிக்கு ஒரு மெயில் எழுதினேன். இந்த விண்ணப்பதாரர் தந்திருப்பது என் குடும்பத்தின் அந்தரங்க விஷயம், இதற்கு நான் அனுமதி தரவில்லை என்று. கீழே என் பெயரைப் போட்டேன். ட்ரோட்ரோவில் நான் சொன்னது ஒவ்வொரு எழுத்தாக எனக்கு ஞாபகம் இருந்தது. ஞாபகத்தோடுதான் அனுப்பினேன். அனுப்பிய பிறகு பசித்தது. கீழே போய் ஒரு பொட்டலம் வாச்சே சோறு வாங்கி வந்து, முட்டையெல்லாம் வைத்து, நிதானமாகச் சாப்பிட்டேன்.

நேர்முகத் தேர்வு அன்று மதியம் கரண்ட் போய்விட்டது. பாஸ் மேலும் கீழுமாக ஓடினார். "நம்ம பொண்ணு பேசப்போற நேரமா பார்த்து! செஃபா, ஜெனரேட்டரை நீ பார்த்துக்கோ. இடையில நின்னுச்சுன்னா உன்னைத்தான் கேட்பேன்" என்றார். கோர்லே உள்ளறையில், நீலச் சட்டையில், லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தாள். நடுவே ஒரு பிளைவுட் தடுப்புதான். ஜெனரேட்டர் வெளித் தளத்தில் உறுமிக்கொண்டிருந்தது. நான் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

முதல் இருபது நிமிடம் அவள் சிரிப்பும் அவர்கள் சிரிப்பும் கேட்டது. பிறகு ஒரு பெண் குரல்: "ஒண்ணு கேட்கணும். இந்தக் கதை ஒரு குடும்பத்தோட அந்தரங்க விஷயம், அவங்க அனுமதி கொடுக்கலைன்னு எங்களுக்கு ஒரு கடிதம் வந்திருக்கு. நீங்க என்ன சொல்றீங்க?"

கோர்லே சொல்லப்போவதை எதிர்பார்த்து தடுப்பில் காதை ஒட்டி வைத்தேன். செஃபா அனுமதி கொடுத்தாள், இப்போது பொய் சொல்கிறாள் என்று ஒரு வரி போதும். நாங்கள் பேசியதற்கு அந்த ட்ரோட்ரோ நடத்துநரைத் தவிரச் சாட்சி இல்லை என்றாலும், கோர்லே சொன்னால் யாரும் நம்புவார்கள்.

"கொடுத்தவங்க திருப்பி வாங்கிக்கலாம் மேடம்" என்றாள் அவள். "அவங்களுக்கு வேணாம்னா நான் அந்தப் படத்தை எடுக்கமாட்டேன்."

"வேற கதை இருக்கா உங்ககிட்ட?"

"இன்னைக்கு இல்ல."

பிறகு அவர்கள் அதிக நேரம் பேசவில்லை. அவள் வெளியே வந்தாள். பாஸ் ஓடிவந்து, "என்னம்மா, என்ன சொன்னாங்க?" என்றார்.

"நல்லா போச்சு பாஸ்." என் பக்கம் திரும்பி, "ஜெனரேட்டர் ஒரு தடவைகூட நிக்கல. தேங்க்ஸ்" என்றாள்.

அவ்வளவுதான். சண்டை போடவில்லை. ஆனால் அடுத்த வாரத்திலிருந்து ஒன்பதரைக்கு வருகிறவள் எட்டுக்கே வர ஆரம்பித்தாள். மீன் பொட்டலம் வந்தால் பாஸுக்கும் அவளுக்கும் மட்டும் வந்தது. சாவு வீடுகளில் நான் இடதுபக்கம் நின்றால் அவள் வலதுபக்கம் போய்விடுவாள். "என்ன, ரெண்டு பேரும் புருஷன் பொண்டாட்டி மாதிரி முறைச்சுக்கிறீங்க?" என்று பாஸ் கேட்டார். நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் "ஒண்ணுமில்ல" என்றோம்.

மார்ச் கடைசியில் முடிவு வந்தது. கோர்லே காத்திருப்போர் பட்டியலில், முதல் இடத்தில். எட்டுப் பேரில் யாராவது வேண்டாம் என்றால் அவளுக்கு. அவள் சொன்னபோது என் மனதில் முதலில் எழுந்தது நிம்மதி. அடுத்து உடனே, அவளுக்குக் கதவு கொஞ்சமாவது திறந்திருக்கிறதே என்ற எரிச்சல். என்னை அவர்கள் கதவைத் தட்டக்கூட விடவில்லை.

அன்று சாயங்காலம் அவள் தன் பையிலிருந்து ஒரு சின்ன ஹார்டு டிஸ்கை எடுத்து என் மேஜையில் வைத்தாள்.

"இதுல உன் பதினோரு நிமிஷம் இருக்கு."

"அழிச்சிட்டேனே."

"நீ அழிச்சே. கேமரா கார்டுல இருந்ததை நான் எடுத்து வெச்சேன். என்னைக்காவது நீ கேட்பேன்னு நினைச்சேன். கதையே உன்னோடதுன்னு ஆயிடுச்சு, இதை மட்டும் நான் எதுக்கு வெச்சிருக்கணும்?"

அவள் போன பிறகு அதைப் போட்டுப் பார்த்தேன். அஃபி கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டிருக்கிறாள். அப்லாவி அழுகிறாள். இதெல்லாம் நான் வெட்டும்போது பார்த்தவை. வெட்டுகிற அவசரத்தில் பார்க்காதது ஒன்று இருந்தது. ஏழாவது நிமிடத்தில் கேமரா மெல்லத் திரும்பி என்னிடம் வருகிறது. முதல் வரிசையில் நான், கழுத்தைத் திருப்பி அப்லாவியையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அப்பாவின் பெட்டி என் முன்னால் போகிறது, நான் அதைப் பார்க்கவே இல்லை. பிறகு அப்லாவி எழுந்து வருகிறாள். அழுத முகத்தோடு என் பக்கம் குனிந்து ஒரு தண்ணீர் பாக்கெட்டை நீட்டுகிறாள். நான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். அவள் கொஞ்ச நேரம் கையை நீட்டியபடியே நிற்கிறாள்.

அது நடந்தது எனக்கு ஞாபகமே இல்லை.

திரையில் இருந்த அந்த முகத்தை நிறுத்தி வைத்துப் பார்த்தேன். ஒரு மாதமாகக் கண்ணாடியில் நான் பார்த்துக்கொண்டிருந்த முகம் அதுதான்.

அங்கேயே உட்கார்ந்து இரண்டாவது மெயிலை எழுதினேன். முதல் கடிதத்தில் எழுதியது பொய். அக்டோபரில் கோர்லே கேட்டார், நான் சம்மதித்தேன். எனக்கு இடம் கிடைக்காத ஆத்திரத்தில் எழுதினேன். படம் எடுக்க எனக்கு மறுப்பு இல்லை. அழகாக எழுத முயன்று, முடியாமல், இப்படியே அனுப்பினேன். இரண்டு நாளில் பதில் வந்தது: கடிதம் விண்ணப்பத்தோடு சேர்க்கப்பட்டது, நன்றி.

மறுநாள் கோர்லேயிடம் சொன்னேன். அவள் ஒரு கல்யாண வீடியோவில் மாமியார் கொட்டாவி விடுவதை நீக்கிக்கொண்டிருந்தாள்.

"பள்ளிக்கு எழுதிட்டேன்."

"மறுபடியுமா? இப்ப என்ன, நான் கொலைகாரின்னா?"

"பொய் சொன்னது நான்தான்னு எழுதினேன்."

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உனக்கு எப்பவும் ரெண்டாவது தடவைதான் கட்டிங் சரியா வரும்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "அந்தக் கேள்வியைக் கேட்டதுமே நீதான்னு தெரிஞ்சுது. அந்தம்மா 'அந்தரங்க விஷயம்'னு சொன்னாங்க. அந்த மாதிரி பெரிய வார்த்தையெல்லாம் உன்னைத் தவிர யார்டி எழுதுவா?" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. தொடப் போனேன். "வேணாம். கோவமா இருக்கேன்" என்று நாற்காலியை நகர்த்திக்கொண்டாள்.

மே மாதம், எட்டுப் பேரில் ஒருவர் விலகிக்கொண்டார். இடம் கோர்லேக்கு வந்தது. என் கடிதத்தால் ஏதாவது ஆயிற்றா என்று எனக்குத் தெரியாது. அவள் கத்திய கத்தலில் டயர் கடைக்காரர்கள் மேலே ஓடிவந்தார்கள். பாஸைக் கட்டிக்கொண்டாள், டயர் கடைக்காரரைக் கட்டிக்கொண்டாள், என் முன்னால் வந்து நின்றாள். பிறகு ஒரு கையால் மட்டும் அணைத்தாள். எனக்கு வயிறு எரிந்தது. மறைக்கவில்லை. "எரியுதுடி" என்று அவள் காதிலேயே சொன்னேன்.

"எரியட்டும்" என்றாள்.

ஜூலையில் விமான நிலையத்துக்குப் போனோம். அவள் அம்மா, அக்காக்கள், அத்தைகள் என்று ஒரு ட்ரோட்ரோ நிறைய ஆட்கள். எல்லோரும் ஜெபம் செய்துகொண்டிருக்கும்போது அவள் என்னைத் தூணுக்குப் பின்னால் இழுத்துப் போனாள்.

"நான் உன்னை இன்னும் மன்னிக்கல. அங்க போய் நேரம் கிடைச்சா யோசிக்கிறேன்."

"சரி. அந்தப் படத்தை எடுப்பியா?"

"எடுக்கணும். ஆனா அப்லாவிகிட்டயும் கேட்கணும்ல? அழுதது அவதானே. நீ கேட்டுச் சொல்லு."

"நானா?"

"பின்ன? எனக்கா அவ அக்கா தங்கச்சி?"

பஸ் நிலையத்தில் அப்பாவோடு வேலை பார்த்த ஒருவரிடமிருந்து லோமே எண்ணை வாங்கிவிட்டேன். இரண்டு முறை அழைத்து, மணி அடிக்கும் முன்பே வைத்துவிட்டேன். மூன்றாவது முறை அடித்தது. "யார்?" என்ற குரல் அப்பாவின் மூக்கிலிருந்து வருவதுபோல் இருந்தது. பெயரைச் சொன்னேன். "அப்பா உன்னைப் பத்தி நிறைய சொல்வார். எனக்குக் கேட்கவே பிடிக்காது" என்றாள் அப்லாவி. அடுத்த மாதம் எல்லை தாண்டிப் போய்ப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் கோர்லே அழைத்தாள். குளிர் எலும்புவரை போகிறதாம். சாப்பாட்டில் காரமே இல்லையாம். ஆசிரியர் ஒருவர் அவள் முதல் பயிற்சிப் படத்தைப் பார்த்துவிட்டுப் பாதியிலேயே எழுந்து போனாராம். தன்னைச் சேர்த்துக்கொண்டதற்கு வருந்துகிறாரோ என்று பயமாக இருக்கிறதாம். நான் உச்சுக்கொட்டினேன். பேசிக்கொண்டிருக்கும்போதே அங்கே யாரோ ஒரு பெண் ஏதோ சொல்ல, கோர்லே போனை நகர்த்திக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தாள். என்னோடு சிரிக்கிற அதே சிரிப்பு.

"யாரது?" என்றேன்.

"ரூம்மேட். என் கிளாஸ்தான், லுசாகாக்காரி. பயங்கரமா பேசுவாடி, உனக்குப் பிடிக்கும்."

எனக்குப் பிடிக்கவில்லை. அந்தப் பெண் எப்படி எடிட் செய்வாள் என்று கேட்டேன்.